மூணாவது தூங்கிய பகல்

ஜனவரி 12

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் இருக்கிறேன். சமைக்கிறேன், மூக்குக்கண்ணாடிக் கடை வேலைக்குப் போகிறேன், வருகிறேன்.

ஒரு நல்ல செய்தி. அவள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் கடை விட்டு வந்ததும் அவளுடைய ஆறு நோட்டுகளையும் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். பாதியில் நின்றுவிட்டால் உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்றுதான் சொல்லவில்லை. உங்கள் மகள் ஒரு முழு நாவலை எழுதி முடித்திருக்கிறாள், அத்தை. டிக்கெட் கவுண்டர் வேலையில், கூட்டம் இல்லாத நேரத்தில் எழுதியது. விலைக்கு வாங்கிய ஓர் அடிமைப் பெண்ணும் அவளுடைய எசமானியும்தான் கதை. ஒரு பதிப்பகத்தார் படித்துவிட்டு, போடுகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி அத்தியாயத்தில் மட்டும் ஒரு மாற்றம் கேட்கிறார்கள். பெரிய விஷயம் இல்லை. ஜூன் பதினைந்துக்குள் கொடுத்தால் போதும்.

முதல் பாதியைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒரு கண்ணாடியும் இருக்கிறது. போன தடவை நீங்கள் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் பார்த்ததை வைத்துப் பவர் போட்டிருக்கிறேன். தப்பாக இருந்தால் சொல்லுங்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மருமகன்


ஜனவரி 30

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

முழங்கால் அதுபாட்டுக்கு இருக்கிறது, நான் என்பாட்டுக்கு இருக்கிறேன். நீங்கள் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதை நினைத்தால்தான் எனக்குச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. கண்ணாடி சரியாக இருக்கிறது. சலவைக் கூடத்தில் போட்டுப் பார்த்தேன். துவைத்து வந்த ஆஸ்பத்திரிப் போர்வைகளில் இவ்வளவு கறை மிச்சம் இருக்கும் என்று இதுவரை எனக்குத் தெரியாது. மேஸ்திரியம்மாவுக்கு இப்போது என்னைக் கண்டாலே பயம்.

நான் நாலாவது வகுப்புக்கு மேல் போகவில்லை, உங்களுக்குத் தெரியும். வாய்விட்டுப் படித்தால்தான் எனக்குப் புரியும். அதனால் சாப்பாட்டு நேரத்தில் மடிப்பு மேசையில் வைத்துப் படிக்கிறேன். இஸ்திரி போடுகிற பெண்கள் நாலைந்து பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அந்த அடிமைப் பெண்ணுக்குப் பேர் இல்லை. எசமானியைக் கவனிக்கிற வேலைக்கு வாங்கிய மூன்றாவது ஆள் என்பதால் வீட்டில் எல்லோரும் 'மூணாவது' என்று கூப்பிடுகிறார்கள். எங்கள் கூடத்தில் 'நெட்டை' என்று ஒருத்தி இருக்கிறாள். நான் ஒரு நாள் விடுப்பு எடுத்தால், "ஏன்க்கா வரல? மூணாவதுக்கு என்ன ஆச்சோன்னு எனக்குச் சோறே இறங்கல" என்கிறாள்.

எசமானி தன் பழைய ரவிக்கை ஒன்றை மூணாவதுக்குக் கொடுக்கிற இடம் வருகிறதே. அதை வாங்கப் போவதற்கு முன்னால் அவள் கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்று முகத்தைச் சந்தோஷமாக ஆக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். நெட்டை கேட்டாள்: "உன் மக இதையெல்லாம் எங்கக்கா பாத்தா? டிக்கெட் கவுண்டர்லயா?"

விரல் வைத்திருந்த இடத்திலிருந்து மேலே படித்தேன். எனக்கு மகள் மேல் அவ்வளவு பெருமையாக இருந்தது.

என்ன மாற்றம் கேட்கிறார்கள்? உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை


பிப்ரவரி 20

மரியாதைக்குரிய அத்தைக்கு,

கண்ணாடி சரியாக அமைந்ததில் மகிழ்ச்சி. நடுவில் வந்த இருமல் எனக்குக் குறைந்துவிட்டது. உங்களுக்கு அந்த நீராவியில் நிற்பதால் மூச்சு முட்டவில்லையே?

மாற்றத்தைச் சொல்கிறேன். கதையின் முடிவில் எசமானி நோயில் படுக்கிறாள். மாதக்கணக்கில் மூணாவதுதான் பார்க்கிறாள். பெற்ற பிள்ளைகள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் காலையில் எசமானி செத்துப்போகிறாள். வீடே அழுகிறது. மூணாவது அழவில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் ஓர் ஓரமாகப் போய்ப் படுத்துத் தூங்கிவிடுகிறாள். அந்தத் தூக்கம் மட்டும் ஒன்பது பக்கம். அதோடு நாவல் முடிந்துவிடுகிறது.

பதிப்பகத்து ஐயா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாருங்க தம்பி, அடிமைக் கதைன்னா ரெண்டு வழிதான். ஒண்ணு, அவளுக்கு எசமானி மேல பாசம் இருக்கணும், விழுந்து அழணும். இல்ல வெறுப்பு இருக்கணும், தலகாணிய வெச்சு அமுக்கணும். ரெண்டும் இல்லாம தூங்கினா எப்படி? படிக்கிறவன் காறித் துப்புவான்."

எனக்கும் அவர் சொல்வதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது. அவள் இருந்திருந்தால் திருத்தியிருப்பாள் என்று நினைக்கிறேன். அவளுடைய ஒரே புத்தகம் இது. எப்படியாவது வந்துவிட வேண்டும், அத்தை.

நடுப்பகுதியை அனுப்பியிருக்கிறேன். குளிர்ந்த தண்ணீரில் நிற்காதீர்கள்.

உங்கள் மருமகன்


மார்ச் 18

மாப்பிள்ளைக்கு,

இருமல் குறைந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்து மனசு ஆறியது. எனக்கு மூச்செல்லாம் முட்டவில்லை. முட்டினாலும் நின்று கேட்க இங்கே யாருக்கு நேரம்?

நடுப்பகுதி முடிந்தது. விருந்துக்கு வந்த பெரிய மனுஷனின் பொய்முடி குழம்புக் கிண்ணத்தில் விழுகிற இடத்தில் எங்கள் கூடமே சிரித்தது. மேஸ்திரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க வேலை நடக்குதா, நாடகம் நடக்குதா?" என்றாள். நெட்டை, "ரெண்டும்தாம்மா, டிக்கெட் எடுத்துட்டு உக்காருங்க" என்றாள்.

அந்த இடத்தில் எசமானியும் மூணாவதும் கதவுக்குப் பின்னால் போய், கையைக் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் எசமானி கையை விடுகிறாள். ஆனால் மூணாவது அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டாள். யார் முதலில் விட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மாப்பிள்ளை, நான் நிறையப் படம் பார்த்திருக்கிறேன். எசமானுக்கு வருகிற குண்டை வேலைக்காரன் குறுக்கே விழுந்து வாங்கிக்கொள்வான். எசமான் அவனை மடியில் போட்டுக்கொண்டு, "நீ என் தம்பிடா" என்பான். நாங்கள் எல்லோரும் கை தட்டுவோம். நானும் தட்டியிருக்கிறேன். செத்த பிறகுதானே தம்பி ஆனான் என்று அப்போது தோன்றவில்லை. இன்னொரு மாதிரிப் படமும் உண்டு. அதில் எடுத்ததற்கெல்லாம் சாட்டை வரும். அடிக்கிறவன் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பான். என் மகள் கதையில் சாட்டை ஒரே ஒரு தடவைதான் வருகிறது, அதுவும் சுவரில் மாட்டியிருக்கிறது. ஆனால் மணி பக்கத்துக்குப் பக்கம் அடிக்கிறது. எசமானியின் கட்டில் பக்கத்தில் இருக்கிற கைமணி. படித்து முடித்து வீட்டுக்கு வந்தும் எனக்குக் காதில் கேட்டது.

சாட்டையை எல்லோரும் எழுதலாம். இவள் மணியை எழுதியிருக்கிறாள்.

கடைசிப் பகுதியை அனுப்புங்கள். வெயிலில் அலையாதீர்கள்.

அத்தை


ஏப்ரல் 2

மரியாதைக்குரிய அத்தைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அவள் எழுதுகிற மாதிரியே இருந்தது. நலம்தான். உங்கள் நலத்தைத்தான் தினமும் நினைக்கிறேன்.

கடைசிப் பகுதியை அனுப்பியிருக்கிறேன். தனியாக ஊசி குத்தி வைத்திருக்கும் இரண்டு தாள்கள் அவளுடையவை அல்ல. நான் எழுதியவை. சிரிக்காதீர்கள். ஒன்பது பக்கத் தூக்கத்தை எடுத்துவிட்டு, மூணாவது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிற மாதிரி எழுதியிருக்கிறேன். அவளுடைய வாக்கியம் போலவே இருக்க வேண்டும் என்று நாற்பது தடவை திருத்தினேன். பதிப்பகத்து ஐயா பார்த்துவிட்டு, "இப்பதான் தம்பி கதை நிக்குது" என்றார்.

நீங்கள் பார்த்துச் சரி என்று ஒரு வரி எழுதினால் கொடுத்துவிடுவேன்.

உங்கள் மருமகன்


மே 14

அத்தைக்கு,

ஆறு வாரமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. சலவைக் கூடத்துக்கு ஃபோன் செய்தேன். "நல்லாத்தான் இருக்காங்க, வேலைக்கு வர்றாங்க. படிக்கிறதத்தான் நிறுத்திட்டாங்க" என்று மேஸ்திரியம்மா சொன்னார். பேசக் கூப்பிடச் சொன்னதற்கு, "கையில ஈரம்னு சொல்றாங்க" என்றார்.

என் இரண்டு தாள்கள் பிடிக்கவில்லையா?

மனசில் இருப்பதை எழுதிவிடுகிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். அவள் போன அன்று காலையில் நீங்கள் உள்ளறையில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டீர்கள். வீடு நிறைய ஆள். என் அக்கா வந்து உலுக்கி எழுப்பியும் நீங்கள் எழவில்லை. எடுத்துக்கொண்டு போகும்போதுகூட எழவில்லை. பெற்ற தாய் இப்படித் தூங்குவாளா என்று ஆளாளுக்குப் பேசினார்கள்.  எனக்கும் அது இன்றுவரை புரியவில்லை.

அந்த ஒன்பது பக்கத்தைத் தட்டச்சு செய்தபோது என்னால் முடியவில்லை, அத்தை. அவள் அதை நோயில் படுப்பதற்கு முன்னாலேயே எழுதிவிட்டாள். இருந்தும் எனக்கு அந்த உள்ளறைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. யாராவது ஒருத்தியாவது அழட்டும் என்றுதான் அந்த இரண்டு தாளையும் எழுதினேன்.

ஜூன் பதினைந்துக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது. உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் மாற்றியதையே கொடுத்துவிடுவேன்.

மருமகன்


மே 25

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். கேட்டதற்கு மன்னிப்பு எதற்கு? கேட்காமல் பதினொரு மாதம் வைத்திருந்தீர்களே, அதுதான் கஷ்டம்.

உங்கள் இரண்டு தாள்களும் நன்றாக இருக்கின்றன. நெட்டையிடம் மட்டும் படித்துக் காட்டினேன். அவள் மூக்கைச் சிந்தினாள். ஆனால் மாப்பிள்ளை, அது நீங்கள் அழுத அழுகை. அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதது நீங்கள். அதை எடுத்து மூணாவதுக்குப் போட்டுவிட்டீர்கள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். எட்டு வயதில் என்னை ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்தார்கள். சாப்பாடு போட்டுப் படிக்க வைப்பார்கள் என்று சொன்னார்கள். பதினாலு வருஷம் இருந்தேன். என்னை யாரும் அடிமை என்று சொன்னதில்லை. விலை கொடுத்து வாங்கவும் இல்லை. வருகிறவர்களிடம், "எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று சொல்வார்கள். அந்த மாதிரியிலேயே என் வயசு போனது. பெரியம்மா என்றுதான் அந்த அம்மாளைக் கூப்பிடுவேன். அடித்ததில்லை. தலைவாரி விட்டிருக்கிறாள். நாங்களும் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்திருக்கிறோம். வாசல் கதவின் சாவியை மட்டும் இடுப்பைவிட்டு எடுத்ததில்லை. அவளை எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எந்தக் காலில் எந்த நேரத்துக்கு வலி வரும் என்று தெரியும்.

கடைசியில் பதினொரு மாதம் படுக்கையில் கிடந்தாள். கட்டில் காலடியில்தான் நான். கைமணி அடித்தால் எழ வேண்டும். அடிக்காவிட்டாலும் அடிக்கப்போகிறது என்று எழுவேன். ஒரு நாள் காலையில் போய்விட்டாள். வீடு முழுக்க ஜனம். எல்லோரும் அழுதார்கள். இனிமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று என் மனசு நினைக்கவே இல்லை, என் உடம்பு நினைத்துவிட்டது. சாமான் அறையில் மூட்டைகளுக்கு நடுவில் விழுந்தவள் மறுநாள்தான் எழுந்தேன். "நன்றி கெட்ட நாயே" என்று வெளியே அனுப்பினார்கள். இப்படித்தான் எனக்கு விடுதலை கிடைத்தது.

இதை என் மகளிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். அவளுக்குப் பதினேழு வயது. போர்வை மடித்துக்கொண்டிருந்தோம், ஆளுக்கு ஒரு முனை. "ஏம்மா உனக்கு ஸ்கூல் போட்டோவே இல்ல?" என்றாள். "ஒரு வீட்டுல இருந்தேன். அந்தம்மா செத்த அன்னிக்குத் தூங்கிட்டேன், தொரத்திட்டாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் தன் முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறாள். மாப்பிள்ளை, அதில் ஓர் இடம் இருக்கிறது. தூங்கப் போவதற்கு முன்னால் மூணாவது திரும்பி வந்து, செத்துக் கிடக்கிற எசமானியின் காலைப் போர்த்திவிட்டுப் போகிறாள். இதை நான் அவளிடம் சொல்லவே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. நானும் போர்த்தினேன். ஏன் போர்த்தினேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பாசமா, பழக்கமா? அவளும் ஏன் என்று எழுதவில்லை. போர்த்தினாள் என்று மட்டும் எழுதியிருக்கிறாள். எங்கே இருந்து எடுத்தாள் அதை?  பெற்றது நான்தான், ஆனால் அவ்வளவு பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். என் மகளை ஐந்து மாதம் நான் பார்த்துக்கொண்டேன். அவள் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டதில்லை. கவனித்தீர்களா? தாகம் எடுத்தாலும், வலி வந்தாலும், நானாகக் கண் விழிக்கும்வரை பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டு இருப்பாள். "கூப்பிடக் கூடாதாடி?" என்பேன். "நீ தூங்கும்மா" என்பாள். அவள் போன அன்று என் உடம்பு பழையபடி விழுந்துவிட்டது. அந்த வீட்டம்மாளுக்கு விழுந்த அதே உடம்பு. பெற்ற மகளுக்கும் அதே தூக்கம்தானா? அந்த வீடு என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அழ என்னிடம் வேறு உடம்பு இல்லை. அந்த வெட்கத்தில்தான் உங்களுக்கு எழுதவில்லை.

அழுதால்தான் பாசம், அமுக்கினால்தான் கோபம் என்று அந்த ஐயா சொல்கிறார். அவர் யாருக்காவது பதினாலு வருஷம் கண் விழித்திருக்கிறாரா, கேளுங்கள். ஒன்பது பக்கத்தையும் விட்டுவிடுங்கள். புத்தகம் வராமல் போனாலும் பரவாயில்லை. என்னை வேண்டுமானால் யாரும் என்னவும் சொல்லட்டும். மூணாவதை எழுப்பாதீர்கள்.

உங்கள் உடம்பு பத்திரம்.

அத்தை


ஜூன் 9

மரியாதைக்குரிய அத்தைக்கு,

நான் நலம் என்று எழுத இன்று கை வரவில்லை. உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அன்று உங்களை எழுப்பச் சொல்லி அக்காவை அனுப்பியது நான்தான். இரண்டு தடவை அனுப்பினேன். இதைச் சொல்லாமல் வேறு எதையும் எழுத முடியாது.

என் தாள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. பதிப்பகத்து ஐயாவுக்குக் கோபம்.

"தம்பி, இது விக்காது."

"சரிங்க ஐயா."

"அவ ஏன் தூங்குறான்னாவது ஒரு வரி போட்டுக் குடுங்க."

"அவளுக்கே தெரியாதுங்க ஐயா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு அந்த ஒன்பது பக்கத்தையும் என் முன்னாலேயே திரும்பப் படித்தார். அரை மணி நேரம் ஆயிற்று. அவருடைய பழைய ஃபிரேம் மூக்கில் வழுக்கிக்கொண்டே இருந்தது. எழுந்துபோய்ச் சரிசெய்யலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில், "வழக்கமா போடறதுல பாதிப் பிரதிதான் போடுவேன். இருக்கறபடியே போடறேன்" என்றார்.

செப்டம்பரில் வரும். அடுத்த மாதம் உங்களைப் பார்க்க வருகிறேன். ஒன்றும் செய்துவைக்காதீர்கள். நீங்கள் உட்காருங்கள், நான் சமைக்கிறேன்.

உங்கள் மருமகன்


செப்டம்பர் 21

மாப்பிள்ளைக்கு,

புத்தகம் வந்து சேர்ந்தது. நானும் ஒரு மாதிரி தேறி வந்துவிட்டேன். அட்டையில் அவள் பேரைத் தடவித் தடவி என் கையிலிருக்கிற சோப்பு வாசனை அதில் ஏறிவிட்டது. நீங்கள் வந்து சமைத்துவிட்டுப் போன குழம்பு நன்றாகத்தான் இருந்தது. உப்பைப் பற்றி நேரில் பேசிக்கொள்ளலாம்.

கடைசி அத்தியாயத்தை இன்றைக்குத்தான் கூடத்தில் எல்லோருக்கும் படித்தேன்.  எசமானி செத்த இடம் வந்ததும் பெண்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். மூணாவது காலைப் போர்த்துகிறாள். தாழ்வாரத்துக்குப் போகிறாள். படுக்கிறாள். இஸ்திரிப் பெட்டியை எல்லோரும் எப்போதோ நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது.

நெட்டை மெல்லக் கேட்டாள்: "இப்ப எழுப்பிடுவாங்களாக்கா?"

"தெரியலடி. படிச்சாத்தானே தெரியும்."

"எழுப்பினா ஏதாவது வேலை சொல்லிடுவாங்க. நீ மெதுவாப் படி."

சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. மேஸ்திரியம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து கையைத் தட்டினாள். "என்னங்கடி, எல்லாரும் கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க? ஏந்திரிங்க, ஏந்திரிங்க!"

ஒருத்தியும் அசையவில்லை. நெட்டை திரும்பி உதட்டில் விரலை வைத்தாள்.

"சத்தம் போடாதீங்கம்மா. அவ இப்பதான் தூங்குறா."

மேஸ்திரியம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்து, துணி மூட்டை மேல் உட்கார்ந்தாள். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நன்றாக இருங்கள்.

உங்கள் அத்தை